மாறாத அடியிசை

நுழையும்முன்

ஒரே சுரத்தொடர் மீண்டும் மீண்டும் ஒலித்தால் கேட்பவர்க்குச் சலிப்புத் தோன்றும் என எண்ணுகிறோம். ஆனால், அத்தகைய தொடர் ஒன்றையே அடித்தளமாக வைத்து, அதன்மேல் ஒவ்வொரு முறையும் புதியதோர் இசையை எழுப்பும் கலை ஐரோப்பாவில் ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாக வழங்கிவருகிறது. தடைகள் சூழ்ந்த காலத்தில் ஒரு படைப்பாளர் அக்கலையைக் கையாண்டு உருவாக்கிய இசை, ஏழாண்டுகள் ஒலிக்காமல் காத்திருந்தது. அவ்விசையின் அமைப்பையும் அது கடந்துவந்த காலத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

அரங்கேறிய நாள்

1955ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், சோவியத் ஒன்றியத்தின் லெனின்கிராடு நகரில் ஒரு புதிய இசைப்படைப்பு அரங்கேறியது. வயலின் கலைஞர் தாவீத் ஒய்ஸ்திராக் தனிக்கருவியை வாசித்தார். லெனின்கிராடு பில்ஹார்மோனிக் இசைக்குழுவை யெவ்கெனி மிராவின்ஸ்கி நெறிப்படுத்தினார். படைப்பை இயற்றியவர் திமித்ரி ஷோஸ்தகோவிச். அன்று கேட்டவர்களுக்கு அது புதிய இசை. உண்மையில், அது 1948ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. ஏழாண்டுகளுக்கும் மேலாக அப்படைப்பு அரங்கேற வழியின்றித் தாளிலேயே உறங்கியது.

அப்படைப்பே ஷோஸ்தகோவிச்சின் முதலாம் வயலின் கன்செர்ட்டோ. ஒரு தனிக்கருவியும் பெரிய இசைக்குழுவும் இணைந்தும் எதிர்நின்றும் உரையாடுமாறு அமைக்கப்படும் இசைவடிவம் கன்செர்ட்டோ எனப்படும். இப்படைப்பு நான்கு பகுதிகளைக் கொண்டது. இரவின் அமைதியைச் சுட்டும் நாக்டர்ன் முதற்பகுதி. துள்ளலும் எள்ளலும் நிறைந்த ஸ்கெர்ட்ஸோ இரண்டாம் பகுதி. பாசகாலியா மூன்றாம் பகுதி. கேலிக்கூத்தின் பெயர்கொண்ட பர்லெஸ்க் நான்காம் பகுதி. முழுமையும் ஒலிக்க ஏறத்தாழ 35 நிமிடங்கள் ஆகும். இவற்றுள் மூன்றாம் பகுதியே படைப்பின் இதயமாக விளங்குகிறது. அது முழுவதும் மாறாத ஓர் அடியிசையின்மேல் கட்டப்பட்டது.

அடியிசை என்னும் அமைப்பு

இசையொலிகளை மெலிவு, சமன், வலிவு என மூன்று நிலைகளாகப் பகுப்பது தமிழிசை மரபு. மெலிவு நிலையில், அதாவது கேட்கும் ஒலிகளுள் மிகத் தாழ்ந்த இடத்தில், ஒரே சுரத்தொடர் தொடக்கம் முதல் இறுதிவரை திரும்பத் திரும்ப ஒலிப்பதே அடியிசை. மேற்கத்திய இசையில் இதனைக் 'கிரவுண்ட் பாஸ்' என்பர். அதன்மேல் அமையும் இசைவடிவங்களுள் ஒன்று பாசகாலியா.

அடியிசையைத் தம்புராவின் சுருதியோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். தம்புராவின் சுருதி இடம்பெயராமல் நிற்கிறது. அடியிசையோ ஓரிடத்தில் புறப்பட்டு, ஏறியும் இறங்கியும் சென்று, புறப்பட்ட இடத்திற்கே திரும்புகிறது. பாடலின் பல்லவியும் திரும்ப வருவதுதான். ஆனால், பல்லவி மேலே நின்று நம் கவனத்தை ஈர்க்கிறது. அடியிசை கீழே நின்று பிறவற்றைத் தாங்குகிறது.

'பாசகாலியா' என்னும் சொல் ஸ்பானிய மொழியில் 'நடத்தல்', 'தெரு' எனப் பொருள்படும் இரு சொற்களின் சேர்க்கை. கிதார் கலைஞர்கள் பாடல்களுக்கு இடையே வாசித்த சிறு இசைத்துணுக்காகத் தொடங்கிய இது, 17ஆம் நூற்றாண்டில் தனியொரு வடிவமாக வளர்ந்தது. ஜெர்மனியின் யோகான் செபாஸ்டியன் பாக், ஆர்கன் என்னும் பெருங்கருவிக்கு ஒரு பாசகாலியா இயற்றினார். காலால் மிதித்து ஒலிக்கச் செய்யும் கட்டைகளில் அதன் அடியிசை முதலில் தனித்து ஒலிக்கும். எட்டுத் தாளக்கட்டங்கள் கொண்ட அத்தொடரின்மேல் 20 வேறுபாடுகளை அவர் அடுக்கினார்.

மாறாத அடியிசை துயரத்தைப் பாடுவதற்கும் ஏற்றதாக இருந்தது. இங்கிலாந்தின் ஹென்றி பர்செல் இயற்றிய 'டைடோவும் ஈனியசும்' என்னும் இசைநாடகத்தில், சாவை எதிர்நோக்கும் அரசி டைடோ இறுதிப் புலம்பலைப் பாடுகிறாள். அவளது குரலுக்குக் கீழே, அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கும் ஒரு தொடர் விடாமல் ஒலிக்கிறது. அவள் குரல் உயர்ந்து மன்றாடினாலும் அடியிசை தன் வழியை மாற்றிக்கொள்வதில்லை. மாற்றமுடியாத முடிவு ஒன்று அவளை நெருங்குவதை அதுவே நமக்கு உணர்த்துகிறது.

கட்டுப்பாட்டில் பிறக்கும் விடுதலை

ஒரே தொடர் திரும்பத் திரும்ப வந்தும் இசை சலிக்காமல் இருப்பது எவ்வாறு? இதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, செவியின் பழக்கம். அடியிசையை இரண்டு மூன்று முறை கேட்டபின் நம் செவி அதனைத் தனியே பின்தொடர்வதை விட்டுவிடுகிறது. அடுத்து எது வரும் என்பது தெரிந்துவிடுவதால், கவனம் அதன்மேல் எழும் புதிய இசையை நோக்கித் திரும்புகிறது.

இரண்டாவது, பொருளின் மாற்றம். ஒரு சுரத்தின் தன்மை அதனோடு சேர்ந்து ஒலிக்கும் பிற சுரங்களைப் பொறுத்தது. அடியிசை மாறாவிடினும், அதனோடு இணையும் சுரங்கள் மாறும்போது அதுவே ஒருமுறை ஆறுதலாகவும் மறுமுறை அச்சுறுத்தலாகவும் கேட்கிறது.

மூன்றாவது, இணைப்பிடங்களை மறைக்கும் உத்தி. அடியிசை முடிந்து மீண்டும் தொடங்கும் இடத்தில் மேலிசையும் முடிந்துவிட்டால், இசை துண்டுதுண்டாகிவிடும். ஆகவே, கீழே ஒரு சுற்று முடியும்போது மேலே ஒரு தொடர் பாதியிலேயே இருக்குமாறு இசையமைப்பாளர் அமைக்கிறார். செங்கல் சுவரில் ஒரு வரிசையின் இணைப்பு, மேல்வரிசைக் கல்லின் நடுவில் அமைவதைப் போன்றது இது. அதனாலேயே கட்டுமானம் உறுதி பெறுகிறது.

19ஆம் நூற்றாண்டில் இவ்வடிவம் அருகியே வழங்கிற்று. யோகானஸ் பிராம்ஸ் 1885இல் முடித்த நான்காம் சிம்பொனியின் இறுதிப் பகுதியை எட்டுத் தாளக்கட்டங்கள் கொண்ட ஒரு தொடரின்மேல் கட்டி, பழைய வடிவத்தைப் பெரிய இசைக்குழுவிற்கு உரியதாக்கினார். ஆன்டன் வெபர்ன் தம் முதற்படைப்பாக எண்ணிட்டு வெளியிட்டதும் 1908இல் இயற்றிய ஒரு பாசகாலியாவே. இங்கிலாந்தின் பெஞ்சமின் பிரிட்டன், 1945இல் அரங்கேறிய 'பீட்டர் கிரைம்ஸ்' இசைநாடகத்தில் இதனைப் பயன்படுத்தினார். எனினும், தம் வாழ்வின் நெருக்கடிகளில் மீண்டும் மீண்டும் இவ்வடிவத்தை நாடிச் சென்றவருள் ஷோஸ்தகோவிச் குறிப்பிடத்தக்கவர்.

அச்சத்தின் காலம்

ஷோஸ்தகோவிச் 1906ஆம் ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். அந்நகரே பின்னர் லெனின்கிராடு எனப் பெயர் மாற்றம் பெற்றது. இளமையிலேயே புகழ்பெற்ற அவர், 1934இல் அரங்கேறிய 'மிட்சென்ஸ்க் மாவட்டத்து லேடி மக்பெத்' என்னும் இசைநாடகத்தில், ஒரு கொலையை அடுத்து இசைக்குழு மட்டும் வாசிக்கும் பாசகாலியா ஒன்றை அமைத்தார். அந்நாடகம் ஈராண்டுகள் வரவேற்புடன் நடந்தது. சோவியத் ஆட்சித் தலைவர் ஸ்டாலின் அதனைக் கண்டுசென்ற சில நாள்களில், 1936 சனவரி 28 அன்று, கட்சி நாளிதழான 'பிராவ்தா' அவ்விசையைக் கடுமையாகச் சாடித் தலையங்கம் வெளியிட்டது. மக்கள் கைது செய்யப்பட்டும் மறைந்தும்போன காலம் அது. அத்தகைய கண்டனம் ஒருவரது தொழிலை மட்டுமன்றி உயிரையும் பறிக்கக்கூடியதாக இருந்தது.

போர்க்காலத்தில் அவர் 1943இல் இயற்றிய எட்டாம் சிம்பொனியின் நான்காம் பகுதி ஒரு பாசகாலியா. 1944இல் நெருங்கிய நண்பர் இவான் சொல்லெர்தின்ஸ்கியின் நினைவாக எழுதிய பியானோ மூவிசையிலும் துயரத்தைத் தாங்கும் பகுதி அவ்வடிவத்திலேயே அமைந்தது. சொற்களால் கூற இயலாத இழப்பு நேரும்போதெல்லாம் அவர் மாறாத அடியிசையைத் தேடியமை இதனால் விளங்கும்.

1947ஆம் ஆண்டு கோடையில் அவர் வயலின் கன்செர்ட்டோவைத் தொடங்கினார். 1948 சனவரியில், கட்சியின் பண்பாட்டுத் துறைக்குப் பொறுப்பேற்றிருந்த ஆந்திரேய் ஜ்தானவ் இசையமைப்பாளர்களை அழைத்துக் கூட்டம் நடத்தினார். பிப்ரவரி 10 அன்று கட்சியின் மத்தியக்குழு ஓர் ஆணை வெளியிட்டது. ஷோஸ்தகோவிச், செர்கேய் புரோகோபியேவ், ஆராம் கச்சதூரியன் முதலியோரின் இசை மக்களுக்கு எதிரான 'உருவவாதம்' என்னும் குற்றச்சாட்டிற்கு உள்ளாயிற்று. அடுத்த சில நாள்களில், தடை செய்யப்பட்ட படைப்புகளின் பட்டியல் வெளிவந்தது. எட்டாம் சிம்பொனியும் அதில் இடம்பெற்றது. அதே ஆண்டில் லெனின்கிராடு, மாஸ்கோ இசைக்கல்லூரிகளில் வகித்த ஆசிரியப் பணிகளையும் அவர் இழந்தார்.

இத்தனைக்கும் நடுவே கன்செர்ட்டோவை எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. ஆணை வெளிவந்த ஆறு வாரங்களில், மார்ச்சு 24 அன்று, அதனை முடித்தார். ஆனால், அதனை அரங்கேற்றுவது அறிவுடைமை ஆகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

பின்வந்த ஆண்டுகளில் ஷோஸ்தகோவிச் இருவேறு வழிகளில் இயங்கினார். மேடைகளில் தம்மீதான கண்டனத்தை ஏற்றுப் பேசினார், திரைப்படங்களுக்கு இசையமைத்தார், அரசு விரும்பிய வகையில் 1949இல் 'காடுகளின் பாடல்' என்னும் பெரும்பாடலை இயற்றி, அதற்கு ஸ்டாலின் பரிசும் பெற்றார். அதே வேளையில், வயலின் கன்செர்ட்டோவும் நான்காம் நால்நரம்பிசையும் யூத நாட்டுப்பாடல் தொகுதியும் அரங்கேறாமல் அவரிடமே இருந்தன. வெளியே பணிந்தவர், உள்ளே தம் இசையை மாற்றிக்கொள்ளவில்லை. இதனைக் கோழைமை என்பதா, உறுதி என்பதா என்னும் வினாவிற்கு எளிய விடை இல்லை. காப்பாற்ற வேண்டிய குடும்பமும் காப்பாற்ற வேண்டிய கலையும் அவருக்கு இருந்தன என்பதை மறவாமல் அவ்வினாவை அணுகுதல் வேண்டும்.

தெரியுமா?

இசையமைப்பாளர்கள் தம் படைப்புகளுக்கு 'ஓபஸ்' என்னும் வரிசை எண் இடுவது வழக்கம். முதலாம் வயலின் கன்செர்ட்டோவின் எண் 77. தாமதமாக அரங்கேறியபின் அது 99 என்னும் எண்ணோடு அச்சாயிற்று. அதனால், 1955ஆம் ஆண்டு வாக்கில் இயற்றப்பட்ட புதிய படைப்பு எனப் பலரும் கருத இடமேற்பட்டது. பின்னர் 77 என்னும் எண்ணே மீண்டும் வழக்கிற்கு வந்தது.

பதினேழு தாளக்கட்டங்கள்

மூன்றாம் பகுதியின் அடியிசை, மூன்று எண்ணிக்கை கொண்ட 17 தாளக்கட்டங்களால் ஆனது. மேற்கத்திய இசையில் தொடர்கள் பெரும்பாலும் நான்கு, எட்டு, பதினாறு என அமையும். பதினாறில் முடியும் என எதிர்பார்க்கும் செவிக்கு, பதினேழாவது கட்டம் ஓர் அடி கூடுதலாக நடக்கவைப்பதைப் போன்ற உணர்வைத் தருகிறது. இத்தொடர் ஒன்பது முறை ஒலிக்கிறது.

முதற்சுற்றில், செல்லோ, டபுள் பாஸ் ஆகிய தாழ்ந்த குரல்கொண்ட நரம்புக்கருவிகள் அடியிசையை அழுத்தமாக வாசிக்கின்றன. அதன்மேல் ஹார்ன் என்னும் ஊதுகொம்புகள் அறிவிப்பைப்போல முழங்குகின்றன. ஒரு பெருந்துயரச் செய்தி ஊர் கேட்க அறிவிக்கப்படுவதைப் போன்ற தொடக்கம் அது. இரண்டாம் சுற்றில், ஒலி தணிகிறது. டியூபா என்னும் பெரிய பித்தளைக் கருவி அடியிசையைத் தாங்க, மரத்தாலான துளைக்கருவிகள் வழிபாட்டுப் பாடலைப் போன்ற அமைதியான இசையை எழுப்புகின்றன. இதுவரை வயலின் ஒலிக்கவில்லை. தனிக்கருவிக்காகவே எழுதப்பட்ட படைப்பில், அக்கருவி பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது.

மூன்றாம் சுற்றில்தான் வயலின் நுழைகிறது. விரைவோ வித்தையோ இன்றி, நீண்ட மூச்சில் பாடும் எளிய மெல்லிசை அது. அடுத்தடுத்த சுற்றுகளில் வயலின் மேன்மேலும் உயர்கிறது. அது முன்னர்ப் பாடியதைப் பிற கருவிகள் எடுத்துப் பாட, அது புதியதொன்றைத் தொடங்குகிறது. தனியொருவரின் துயரம் பலருடைய துயரமாக விரிவதைக் கேட்பவர் உணர்வர்.

இசை உச்சத்தை எட்டும்போது எதிர்பாராத ஒன்று நிகழ்கிறது. அதுவரை மேலே பாடிய வயலின், கீழே ஒலித்துவந்த அடியிசையைத் தானே ஏற்கிறது. ஒரே சுரத்தைத் தாழ்ந்த நிலையிலும் உயர்ந்த நிலையிலும் இரு நரம்புகளில் ஒருசேர அழுத்தி, தன் முழு ஆற்றலுடன் அத்தொடரை வாசிக்கிறது. இசைக்குழுவின் மிகத் தாழ்ந்த, மிக வலிய கருவிகள் சுமந்த பாரத்தை அக்குழுவின் மெல்லிய குரல் தன் தோளில் ஏற்றுக்கொள்ளும் இடம் இது. இதுகாறும் அடியிசை வெளியிலிருந்து சுமத்தப்பட்ட விதியைப்போல ஒலித்தது. இப்போது அதுவே வயலினின் சொந்தக் குரலாகிவிடுகிறது.

அதன்பின் ஒலி படிப்படியாக அடங்குகிறது. இறுதிச் சுற்றில், டிம்பனி முரசும், விரலால் மீட்டப்படும் தாழ்ந்த நரம்புகளும் அடியிசையின் சுவடுகளை மட்டும் ஒலிக்கின்றன. தொலைவில் செல்பவரின் காலடியைப்போல அது தேய்ந்து மறைகிறது.

தனித்து நிற்கும் குரல்

அடியிசை ஓய்ந்தபின் வயலின் மட்டும் எஞ்சுகிறது. தனிக்கருவி துணையின்றி வாசிக்கும் பகுதியைக் 'கடென்சா' என்பர். நம் கச்சேரிகளில் மிருதங்கத்திற்கு உரிய தனி ஆவர்த்தனத்தைப்போலக் கலைஞரின் திறமையைக் காட்டும் இடமாகவே அது பெரும்பாலும் அமையும். இங்கு அது ஏறத்தாழ ஐந்து நிமிடங்கள் நீள்கிறது. தொடக்கத்தில் கொம்புகள் முழங்கிய அறிவிப்பின் சாயலை வயலின் மெல்லிய குரலில் நினைவுகூர்கிறது. பின்னர், முந்தைய பகுதிகளின் இசையையும் எடுத்துக்கொண்டு, விரைவும் சீற்றமும் பெருக, இடைவெளியின்றி நான்காம் பகுதிக்குள் பாய்கிறது.

ஆரவாரம் மிகுந்த அந்நான்காம் பகுதியிலும் அடியிசை மறக்கப்படவில்லை. மரக்கட்டைகளைத் தட்டி ஒலிக்கும் சைலோபோனும் பிற கருவிகளும் அதனைக் கேலிக்குரலில் திடீரென எழுப்புகின்றன. துயரம் கூத்தின் நடுவிலும் தலைகாட்டுகிறது.

ஒலித்த பின்

1953 மார்ச்சு 5 அன்று ஸ்டாலின் மறைந்தார். இறுக்கம் மெல்லத் தளர்ந்தது. கன்செர்ட்டோவை யாருக்கென எழுதினாரோ அந்த ஒய்ஸ்திராக்கே அதனை அரங்கேற்ற ஆயத்தமானார். ஒத்திகையின்போது அவர் ஒரு வேண்டுகோளை முன்வைத்தார். நெடிய கடென்சா முடிந்தவுடனேயே நான்காம் பகுதியையும் வயலினே தொடங்குவதாக எழுதப்பட்டிருந்தது. தொடக்கக் கட்டங்களை இசைக்குழுவிற்கு அளித்தால், நெற்றி வியர்வையைத் துடைக்கவேனும் நேரம் கிட்டும் என்றார் அவர். ஷோஸ்தகோவிச் உடனே இசைந்தார். இன்றும் அப்பகுதியை இசைக்குழுவே தொடங்குகிறது.

அரங்கேற்றம் பெருவெற்றி பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் ஒய்ஸ்திராக் நியூயார்க் நகரிலும் இதனை வாசித்தார். 1958 மே மாதத்தில், 1948ஆம் ஆண்டு ஆணையின் கண்டனங்கள் நேர்மையற்றவை எனக் கட்சியே ஏற்றுக்கொண்டது. 1975இல் ஷோஸ்தகோவிச் மறைந்தார். இன்று உலகின் முன்னணி வயலின் கலைஞர்கள் பலரும் இக்கன்செர்ட்டோவை வாசித்துவருகின்றனர்.

இசைக்குச் சொற்கள் இல்லை. இந்த அடியிசை அரசின் அடக்குமுறையைக் குறிக்கிறதா, போரில் மாண்டோரைக் குறிக்கிறதா, தளராத மனத்தைக் குறிக்கிறதா என்பதை இசையமைப்பாளர் எங்கும் எழுதிவைக்கவில்லை. அவ்வாறு எழுதுவது அக்காலத்தில் இயலாததும்கூட. ஆயினும், கீழிருந்து மாறாமல் வரும் ஒன்றின்மேல் நின்றுகொண்டே ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாட இயலும் என்பதையும், தாங்கமுடியாதது என எண்ணிய பாரத்தை ஒருநாள் நம் குரலாலேயே ஏற்றுப் பாட இயலும் என்பதையும் ஒன்பது சுற்றுகளில் அவ்விசை காட்டிவிடுகிறது. மாற்றமுடியாத சூழலில் மனிதன் ஆற்றக்கூடியது என்ன என்னும் வினாவிற்கு ஒரு கலைஞர் அளித்த விடையாக அது நிலைத்திருக்கிறது.

கற்பவை கற்றபின்...

1. ஷோஸ்தகோவிச்சின் பாசகாலியாவைக் கேட்டு, அடியிசை எத்தனை முறை வருகிறது என எண்ணுக. ஒவ்வொரு சுற்றிலும் எக்கருவிகள் மேலோங்கி ஒலிக்கின்றன என அட்டவணைப்படுத்துக.

2. தம்புராவின் சுருதி, பாடலின் பல்லவி, பாசகாலியாவின் அடியிசை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.

3. 'நெருக்கடிக் காலத்தில் கலைஞர் வெளிப்படையாகப் பேசுதல் வேண்டும்' – 'தம் படைப்பைக் காத்து, காலம் வரும்வரை பொறுத்திருத்தல் வேண்டும்' என்னும் தலைப்புகளில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.